பெட்ரோல் காரின் உடம்பில் பேட்டரி: எங்கே இடிக்கும், எங்கே இடிக்காது

கேள்வி இது: வீடு மடிப்பாக்கம், வேலை ஒரகடம் பக்கம், வருடத்தில் சில முறை பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு தென்காசி. எலக்ட்ரிக் கார் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. ஆனால் "பெட்ரோல் காரையே பிடித்து மாற்றிச் செய்த மாடல் வேண்டாம், எலக்ட்ரிக்காகவே பிறந்த மாடலை வாங்கு" என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். விலையிலோ பல லட்சம் வித்தியாசம். அந்தக் குறை அப்படி என்னதான் குறை, சென்னையில் ஓட்டுகிறவருக்கு அது உறைக்குமா?

உறைக்கும். ஆனால் பயமுறுத்துகிறவர்கள் சொல்லும் இடங்களில் அவ்வளவாக உறைக்காது. ஷோரூமில் யாரும் வாய் திறக்காத சில இடங்களில்தான் உறைக்கும். காரின் அடிப்பகுதியை வடிவமைக்கும் வேலையிலேயே, ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில், என் காலம் போயிருக்கிறது. அதனால் அடித்தளத்திலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கேட்கும் குறைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் அங்கேதான்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. (பேட்டரி விளம்பரத்தில் வரும் கிலோவாட் அவரும் நம் இ.பி. பில்லில் வரும் யூனிட்டும் ஒன்றே.) டாடா நெக்ஸான் பெட்ரோல் காரின் டேங்க் 44 லிட்டர்; நிரப்பினால் 400 யூனிட் அளவுக்கு ஆற்றல், எடை முப்பது கிலோவுக்குச் சற்றே மேல். இன்ஜின் அதில் பெரும்பங்கைச் சூடாக வீணடித்தாலும், மிஞ்சுவது ஒரு நல்ல பேட்டரியை விட அதிகம். பெட்ரோல் திரவம் என்பதால் டேங்க்கை எந்தக் கோணல் வடிவிலும் செய்து, மிச்சமிருக்கும் எந்தச் சந்திலும் செருகலாம். பேட்டரி அப்படியில்லை. 40, 45 யூனிட் பேட்டரி என்றாலே முன்னூறு கிலோவைத் தொட்டுவிடும். தண்ணீர் புகாத கெட்டியான பெட்டி வேண்டும், குளிர்விக்கும் திரவம் (கூலன்ட்) ஓடக் குழாய் வேண்டும், பக்கவாட்டில் எது மோதினாலும் உள்ளே மின்சாரத்தைச் சேமிக்கும் செல்கள் வரை அந்த இடி போகக் கூடாது. பெட்ரோலுக்காக வரைந்த காரில் இதற்கென்று ஒதுக்கிய இடம் எங்கும் கிடையாது.

அப்படிப்பட்ட ஒரு காரைச் சர்வீஸ் சென்டரில் லிஃப்டில் ஏற்றியிருக்கும்போது அடியில் நின்று பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். நடுவில் முன்னிருந்து பின்னாக ஒரு நீளப் பள்ளம் ஓடும். சைலன்சர் குழாய் போக விட்டது அது. குழாய் போய்விட்டது; அதைத் தொங்கவிட்ட ரப்பர் மாட்டும் கொக்கிகள் சில கார்களில் இன்னும் பாடியில் வெல்டிங்கோடு அப்படியே நிற்கும். பின் சீட்டுக்கு அடியில் டேங்க் உட்கார்ந்திருந்த குழிவு, அதற்கும் பின்னால் ஸ்டெப்னிக்கான வட்டப் பள்ளம். இப்போது பேட்டரிப் பெட்டியைக் கவனியுங்கள். சீரான செவ்வகமாக இருக்காது. முன் சீட்டுகளுக்கு அடியில் தட்டையாகவும், நடுப்பள்ளத்தில் குறுகலாகவும், டேங்க் இருந்த இடத்தில் உயரமாகவும், மேடும் மடுவுமாக இருக்கும். விறகடுப்புக்கென்று கட்டிய சமையலறையில் கேஸ் அடுப்பை வைத்துச் சமைக்கிற கதைதான்: சமையல் நடக்கும், புகைக்கூண்டுக்கு விட்ட இடம் சும்மா கிடக்கும்.

பெட்டி கோணலானால் அதே அளவு செல்லை அடைக்கக் கூடுதல் தகடு, கூடுதல் போல்ட், வளைந்து வளைந்து போகும் கூலன்ட் குழாய், மூலைமூலையாக வீணாகும் இடம். எலக்ட்ரிக்காகவே வரைந்த காரில் முதலில் பேட்டரியை நாலு சக்கரத்துக்கும் நடுவே தட்டையாக விரித்துவிட்டு, மற்றதெல்லாம் அதைச் சுற்றி வரும். இன்ஜின் இல்லாததால் முன்சக்கரத்தை இன்னும் முன்னே தள்ளலாம். ஒரே கம்பெனியின் இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: ஹூண்டாய் டூசான் 4,630 மி.மீ. நீளம், ஐயானிக் 5 நீளம் 4,635 மி.மீ. ஆனால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே டூசானில் 2,755 மி.மீ., ஐயானிக்கில் 3,000 மி.மீ. ஒரு ஜாணுக்கும் அதிகமான இடம், வண்டி நீளாமலேயே கிடைத்துவிட்டது. அதே கணக்கில் கிரெட்டா எலக்ட்ரிக்கைப் பார்த்தால், பெட்ரோல் கிரெட்டாவின் 2,610 மி.மீ.தான் அதற்கும். அதைவிட மூன்று செ.மீ. மட்டுமே நீளமான மஹிந்திராவின் பிஇ 6 காரில் 2,775 மி.மீ. அதனால்தான் கிரெட்டாவில் கிடைக்கும் பெரிய பேட்டரியே 51.4 யூனிட், பிஇ 6-இல் 79 யூனிட் வரை போகிறது.

நம் நாட்டுக்கென்று தனியாக இன்னொரு கணக்கும் இருக்கிறது. இதை யாரும் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். 2006-லிருந்து நாலு மீட்டருக்குள் அடங்கும் சிறிய இன்ஜின் கார்களுக்கு வரிச்சலுகை. அதற்காகவே நெக்ஸான், எக்ஸ்யூவி 300 மாதிரி வண்டிகளைப் பின்பக்கம் நறுக்கி 3,995 மி.மீ. சுமாருக்குள் அடக்கினார்கள். எலக்ட்ரிக் காருக்கு நீளம் எதுவானாலும் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். நறுக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் பெட்ரோல் உடம்பை எடுத்துக்கொண்டதால் அந்த நறுக்கலும் கூடவே வந்துவிட்டது. மஹிந்திரா எக்ஸ்யூவி 400 செய்தபோது இதைப் புரிந்துகொண்டு பின்பக்கத்தை 4,200 மி.மீ.க்கு நீட்டினார்கள், டிக்கி 257 லிட்டரிலிருந்து 378 லிட்டர் ஆனது. சக்கர இடைவெளியை மட்டும் 2,600 மி.மீ.க்கு மேல் நகர்த்த முடியவில்லை. அடித்தளத்தை மாற்றாமல் அது நகராது.

சரி, இதெல்லாம் உட்கார்ந்து போகிறவருக்கு எப்படித் தெரியும்? பின் சீட்டில் தெரியும். பேட்டரிக்காகக் கால் வைக்கும் தளம் இரண்டு மூன்று அங்குலம் ஏறிவிட்டால், சீட்டின் உயரத்தைக் கூட்ட முடியாது, தலை கூரையில் இடிக்கும். விளைவு, முழங்கால் மேலே தூக்கிக்கொள்ளும், தொடை சீட்டில் படியாது. ஊருக்குள் அரை மணி நேரப் பயணத்தில் இது தெரியவே தெரியாது. தென்காசிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். விழுப்புரம் தாண்டும்போதே முட்டிவலிக்காரர்கள் நெளிய ஆரம்பிப்பார்கள். டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது அப்பா அம்மாவை அழைத்துப் போய் பின் சீட்டில் குறைந்தது முக்கால் மணி நேரம் உட்காரவையுங்கள். டிக்கியின் கதையும் இதே. டிகோர் பெட்ரோலில் 419 லிட்டர், டிகோர் எலக்ட்ரிக்கில் 316 லிட்டர். நூறு லிட்டர் என்பது ஊரிலிருந்து வரும் அரிசி மூட்டைக்கும் தேங்காய்க்கும் வேண்டிய இடம். எல்லா மாடலும் இப்படி இழப்பதில்லை, நெக்ஸானில் டிக்கி 350 லிட்டராகவே தப்பித்தது. ஆனால் சில மாடல்களில் ஸ்டெப்னியையே எடுத்துவிட்டு பஞ்சர் கிட் ஒன்றைக் கையில் கொடுக்கிறார்கள். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அந்தக் கிட் உதவாது.

இனி மடிப்பாக்கத்துக்கு வருகிறேன். என் கணக்கில் உங்களுக்கு முதல் கவலை வண்டியின் வயிறு.

நெக்ஸான் பெட்ரோலில் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் நடுவே உள்ள உயரம், 209 மி.மீ. முதலில் வந்த 30.2 யூனிட் எலக்ட்ரிக்கில் 205. பேட்டரியை 40.5 யூனிட் ஆக்கி மேக்ஸ் என்று 2022-இல் விட்டபோது 190. பெட்டி உள்ளே போக வழியில்லாமல் கீழே இறங்கியிருக்கிறது. காகிதத்தில் 19 மி.மீ. சின்ன எண். ஐந்து பேரும் சாமானும் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கிய பிறகு, தெருவாசிகளே சிமென்ட் கொட்டி எழுப்பிய ஸ்பீட் பிரேக்கரில் அந்த 19 மி.மீ. தான் தட்டுவதா தாண்டுவதா என்று தீர்மானிக்கும். பெட்ரோல் காரில் சைலன்சர் உரசினால் வெல்டிங் கடையில் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். பேட்டரிப் பெட்டியின் அடித்தகடு உள்வாங்கினால், உள்ளே செல்லுக்கோ கூலன்ட் தட்டுக்கோ பாதிப்பு இருக்குமோ என்று முழுப் பெட்டியையும் இறக்கிப் பார்க்க வேண்டும். சில சமயம் முழுதாக மாற்றச் சொல்வார்கள். 8 வருடம், 1,60,000 கிலோமீட்டர் என்று பெருமையாகச் சொல்லும் வாரன்டி பேட்டரியின் உற்பத்திக் கோளாறுக்குத்தான். கல்லில் தட்டியதற்கு இன்ஷூரன்ஸிடம்தான் போக வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். 2015 டிசம்பரும், மிக்ஜாம் வந்த 2023 டிசம்பரும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம், முடிச்சூர் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரம் முழுக்கக் கார்கள் நின்றன. பேட்டரிகளுக்குத் தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐபி 67 சான்று இருக்கிறது என்பார்கள். உண்மைதான், மாற்றிச் செய்ததற்கும் இருக்கும், தனியாகச் செய்ததற்கும் இருக்கும். ஆனால் அந்தச் சோதனை ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம், அதுவும் சுத்தத் தண்ணீரில். சாக்கடை கலந்த வெள்ளத்தில் இரண்டு நாள் கிடப்பதற்கு அந்தச் சான்று பொறுப்பேற்காது. இதில் பெட்ரோல் தளத்துக்கு ஒரு கூடுதல் பலவீனம்: பேட்டரி தப்பினாலும், 12 வோல்ட் ஒயரிங், இணைப்புகள், கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பலவும் பழைய காரில் இருந்த அதே இடத்தில், கார்பெட்டுக்கு அடியில் தாழ்வாகவே இருக்கும். வெள்ளம் வடிந்ததும் "ஸ்டார்ட் ஆகிறதா பார்க்கலாம்" என்று பட்டனை அமுக்குவதும், சார்ஜ் போடுவதும் கூடவே கூடாது. டோ வண்டியில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி, மின்கசிவு இருக்கிறதா என்று காட்டும் காப்புத் தடை (இன்சுலேஷன்) சோதனை பார்த்த பிறகுதான் அடுத்தது.

வெயிலைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வேறுபாடு காட்ட வேண்டும். கத்திரி வெயிலில் 40 டிகிரி தாண்டும்போது பேட்டரியைக் குளிர்விக்கக் காற்று போதாது. திருவள்ளூர் தொழிற்சாலையில் செய்யும் சிட்ரோயன் இசி3-இன் 29.2 யூனிட் பேட்டரி காற்றால்தான் குளிர்கிறது. ஊருக்குள் மெதுவாக ஓட்டி, வீட்டில் இரவு சார்ஜ் போடுகிறவருக்கு அது போதும். நீளப் பயணத்தில் வேகச் சார்ஜ் போட்டு, ஓட்டி, மறுபடி வேகச் சார்ஜ் என்றால் சூடு இறங்க நேரமில்லாமல் சார்ஜ் வேகம் குறைந்துகொண்டே வரும். திரவத்தால் குளிர்விக்கும் கார்களிலும் பேட்டரியின் சூட்டை வாங்க ஏசி கேஸைத்தான் பயன்படுத்துகிறார்கள். கேபினுக்கும் பேட்டரிக்கும் ஒரே கம்ப்ரஸர். பழைய பெட்ரோல் காரின் ஏசி அளவை வைத்தே செய்திருந்தால், மே மாத மதியம் உளுந்தூர்பேட்டையில் சார்ஜரில் நிற்கும்போது உள்ளே குளிர் குறைவது உங்களுக்கே தெரியும். எல்லா மாடலும் அப்படியில்லை. டெஸ்ட் டிரைவை மதியம் ஒரு மணிக்குக் கேளுங்கள்.

எடையின் விளைவு சஸ்பென்ஷனிலும் டயரிலும் வரும். பெட்ரோல் காரின் அதே அமைப்பில் இருநூறு கிலோ சுமார் கூடுதலாக ஏறும்போது ஸ்பிரிங்கைக் கெட்டியாக்குவார்கள். ஒருவர் மட்டும் ஓட்டிப் போனால் வண்டி தூக்கிப் போடும். மோட்டார் முன்சக்கரத்தை இழுக்கும் அமைப்பும் பெட்ரோல் காலத்து மிச்சம்தான். இன்ஜின் இருந்த இடத்தில் மோட்டாரையும் இன்வெர்ட்டரையும் சார்ஜரையும் அடுக்கி வைத்துவிடுகிறார்கள். மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு விசையையும் கொடுக்கும். முதல் மழையில் எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும் சாலையில் சிக்னல் விழுந்ததும் அழுத்தினால் முன்சக்கரம் வழுக்கும், முன் டயர் சீக்கிரம் தேயும். பிஇ 6, எக்ஸ்இவி 9இ இரண்டிலும் மோட்டார் பின்னால். செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா சிட்டியில் இருக்கும் ஆராய்ச்சி மையத்தில் உருவாகி, 2024 நவம்பரில் சென்னையிலேயே அறிமுகமான வண்டிகள் அவை. அடித்தளத்தைப் புதிதாக வரையச் சுதந்திரம் கிடைத்தால் நம் பொறியாளர்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கு அது நல்ல சாட்சி.

சார்ஜ் போடும் வாய் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். நெக்ஸானில் பின்பக்கம் பெட்ரோல் மூடி இருந்த இடத்திலேயே அதை வைத்துவிட்டார்கள். ஹைவே ஹோட்டல் வளாகங்களில் பல சார்ஜர்களின் கேபிள் நீளம் குறைவு; ஒவ்வொரு முறையும் ரிவர்ஸ் எடுத்து நிறுத்த வேண்டும். பழகினால் சிரமமில்லை. வேகம் பற்றிய விளம்பரத்தை மட்டும் நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஐயானிக் 5 பத்திலிருந்து எண்பது சதவீதத்துக்கு 18 நிமிடம் என்பது 350 கிலோவாட் சார்ஜரில். நம் திருச்சி சாலையில் உங்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது 30 அல்லது 60 கிலோவாட். அதில் எலக்ட்ரிக்காகவே செய்த காரும் மாற்றிச் செய்த காரும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் நிற்கும். இந்த ஒரு காரணத்துக்காகக் கூடுதல் லட்சங்களைக் கொடுக்க வேண்டாம்.

பாதுகாப்பு குறித்த பயத்துக்கும் பெரிய ஆதாரம் இல்லை. பெட்ரோல் தளத்தில் செய்த நெக்ஸான் எலக்ட்ரிக்கும் எக்ஸ்யூவி 400-ம் 2024-இல் வண்டியை மோதிப் பார்க்கும் பாரத் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கின. பக்கவாட்டில் கூடுதல் இரும்பு வைத்து அந்தக் குறையை அடைத்திருக்கிறார்கள். அதற்கான விலையை எடையில் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 2022-இல் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு கடுமையாக்கிய பேட்டரி விதிகளும் இரண்டு வகைக்கும் பொது.

மாற்றிச் செய்ததில் லாபமும் உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. பம்பர், ஹெட்லைட், கதவு, லோயர் ஆர்ம் என்று பல பாகங்கள் பெட்ரோல் வண்டியோடு பொது. சின்ன இடி பட்டால் ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ பாகம் கிடைக்கும், பாடி வேலை தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர் இருப்பார். புதிதாக வரைந்த காரில் ஒரு ஹெட்லைட்டுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

இதே பேச்சில் அடிபடும் இன்னொன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்கச் சொல்வேன்: வீட்டில் நிற்கும் பழைய பெட்ரோல் காரை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து கிட் போட்டு எலக்ட்ரிக் ஆக்குவது. கம்பெனி மாற்றிச் செய்யும்போது பாடியில் இரும்பு சேர்த்து, மோதிப் பார்த்து, பிரேக்கைத் திருத்தி அனுப்புகிறது. ஒர்க்‌ஷாப்பில் பேட்டரி பெரும்பாலும் டிக்கிக்கும் பானட்டுக்கும்தான் போகும். பின் ஆக்ஸிலில் கணக்கில் இல்லாத பாரம். இன்ஜின் போனதும், பிரேக் மிதிக்க உதவும் பூஸ்டருக்கு அது தந்த வெற்றிடம் போய்விடும், தனி பம்ப் வைக்க வேண்டும். ஏசி கம்ப்ரஸர், சில வண்டிகளில் பவர் ஸ்டீயரிங், எல்லாம் இன்ஜின் பெல்ட்டை நம்பி இருந்தவை. ஏபிஎஸ் இன்ஜின் கம்ப்யூட்டரிடமிருந்து தகவல் எதிர்பார்க்கும்; வராவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இப்படி மாற்றும் கிட்களுக்கான ஏஐஎஸ் 123 விதிப்படி அந்த வண்டி மாடலுக்கென்றே அங்கீகாரம் பெற்ற கிட்டாக இருக்க வேண்டும், ஆர்டிஓவில் ஆர்.சி. மாற வேண்டும், இன்ஷூரன்ஸிலும் ஏற வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் விபத்து நேர்ந்தால் முழுச் சுமையும் உங்கள் தலையில்.

"எலக்ட்ரிக்காகவே பிறந்தது" என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். 2024-இல் வந்த பஞ்ச் எலக்ட்ரிக்கை டாடா தனி எலக்ட்ரிக் தளம் என்கிறது; உண்மையிலேயே தரையமைப்பு நன்றாக மாறியிருக்கிறது, பானட்டுக்குள் 14 லிட்டர் பெட்டிகூட உண்டு. ஆனால் சக்கர இடைவெளி பெட்ரோல் பஞ்சின் அதே 2,445 மி.மீ. டெஸ்லாவின் முதல் காரே 2008-இல் லோட்டஸ் எலைஸ் அமைப்பை வைத்துத்தான் வந்தது, மாற்றி மாற்றி கடைசியில் பொதுவாக மிஞ்சிய பாகம் கொஞ்சமே. 2012-இல் மாடல் எஸ் செய்யும்போது சொந்தத் தளத்துக்குப் போய்விட்டார்கள். நடுவில் எத்தனையோ படிகள் உண்டு.

உங்கள் ஓட்டம் பெரும்பாலும் மடிப்பாக்கம்–ஒரகடம் என்பதால், மாற்றிச் செய்த காரே போதும் என்பது என் கருத்து. மிஞ்சும் லட்சங்களை வீட்டில் நல்ல சார்ஜிங் லைனுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் செலவழிக்கலாம். பெற்றோருக்குப் பின் சீட் ஒத்துவரவில்லை என்றால் மட்டும் மேலே போங்கள். பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: முழுச் சுமையோடு கிரவுண்ட் கிளியரன்ஸ் எவ்வளவு, பேட்டரிக்கு அடியில் தனியாகக் கழற்றி மாற்றும் காப்புத் தகடு உண்டா, அதன் விலை என்ன, தண்ணீர் புகுந்தால் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் பொருந்தும் ஆட்-ஆன் (கூடுதல் பாதுகாப்பு) இன்ஷூரன்ஸில் சேர்ந்திருக்கிறதா. விற்பனையாளர் மூன்றாவது கேள்விக்கு வாய்மொழியாகத் தலையாட்டினால், பாலிசி நகலைக் கையில் வாங்கி அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.